காத்திராத விதை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வைகாசி விசாகத்தை முன்னிட்டு நம்மாழ்வார் விஷயமாக எழுதும்படி பணிக்கப்பெற்றோம். திருவாய்மொழியில் ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டு பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானத்தைச் சுருக்கி எழுதுவதாகவே எண்ணியிருந்தோம். அதற்குள் எம் குடியிருப்பில் வசிக்கும் பாகவதர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்து சேர்ந்தார். அந்தக் கேள்வி எம்மை வேறு வழியில் இழுத்துச் சென்றுவிட்டது. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

குடியிருப்பின் பின்புறத்தில் சிறிய ஸந்நிதி ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னே ஒரு மரம் நடவேண்டும் என்று பேச்சு. "ஸ்வாமி, ஏதோ ஒரு மரத்தை எதற்காக நடவேண்டும்? ஆழ்வார்திருநகரியிலிருந்து திருப்புளியாழ்வாருடைய விதை ஒன்றைக் கொண்டுவந்து முளைக்க வைத்தால் என்ன? ஆழ்வார் பதினாறு ஆண்டுகள் வீற்றிருந்த மரத்தின் சந்ததி நம் வாசலில் நிற்குமே" என்றார் அவர். ஆசை உயர்ந்த ஆசைதான். ஆனால் அந்தப் புளி பூக்கும், பிஞ்சு விடும், பழுக்காது என்பது திருக்குருகூரில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரவிலும் இலை கூம்பாத அந்த உறங்காப்புளியை ஆதிசேஷனுடைய அவதாரமாகவே நம் பெரியோர் கொண்டாடுகிறார்கள். பழம் இல்லாத மரத்தில் முற்றிய விதைக்கு எங்கே போவது? இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் அந்த மரத்துக்கு வம்சமே கிடையாதா, ஸ்வாமி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

கேள்வி போகவில்லை, எம்மிடமே தங்கிவிட்டது.

பெருமை வாய்ந்த ஒரு மரத்தின் விதையை எடுத்து வேறோர் இடத்தில் வளர்த்து, அதை நினைவு மரமாகப் போற்றும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் ஃபிராங்க் என்னும் சிறுமி நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த வீட்டின் பின்னே ஒரு குதிரைக் கஷ்கொட்டை மரம் நின்றது. வெளியே தலைகாட்ட முடியாத அந்தப் பெண் அந்த மரத்தைப் பார்த்துப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினாள். 2010 ஆகஸ்டில் வீசிய காற்றில் மரம் சாய்ந்தது. அதற்கு முன்பே அதன் கொட்டைகளைப் பொறுக்கி நாற்றுகள் வளர்த்திருந்தார்கள். அவை இன்று பல நாடுகளில் நிற்கின்றன. இது நாம் படித்து அறிந்தது. கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறோம்.

எம் மாப்பிள்ளை ஜப்பான் தேசத்தில் வேலை பார்த்த காலத்தில் அங்கே சில வாரங்கள் தங்க நேர்ந்தது. கார்த்திகை மாதத்துக் குளிரில் ஒருநாள் ஹிரோஷிமா நகருக்கு எம்மை அழைத்துச் சென்றார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை எட்டேகால் மணிக்கு அந்த நகரின் மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில், அணுகுண்டு வெடித்தது. இனி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அந்த மண்ணில் ஒரு புல்லும் முளைக்காது என்ற பேச்சு அப்போது எங்கும் பரவியதாம். முளைத்தது. கருகி நின்ற மரங்கள் சில அடுத்த வசந்தத்திலேயே துளிர்த்தன. வெடித்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நின்று பிழைத்த மரங்களை நகராட்சி இன்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்துக் காத்துவருகிறது. நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. மரங்களுக்கென்றே அங்கே வைத்தியர்கள் இருக்கிறார்கள். முறையாகத் தேர்வு எழுதிப் பட்டம் பெற்றவர்கள். மரவைத்தியர் என்று ஒருவர் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எமக்குத் தெரியவந்தது.

அங்குள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் வாசலை அடைத்தாற்போல ஒரு கிங்கோ மரம். குண்டுவீச்சில் ஆலயம் அழிந்துபோயிற்று, மரம் பிழைத்தது. பின்னர் ஆலயத்தைத் திரும்பக் கட்டியபோது மரத்தை வெட்ட மனம் வராமல், படிக்கட்டை இரண்டாகப் பிரித்து மரத்துக்கு வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படிகளில் ஏறும்போது கை தானாகக் குவிந்தது. யாருடைய ஆலயம் என்ற எண்ணம் அப்போது எழவில்லை.

அமைதிப் பூங்காவில் நிற்கும் அவோகிரி என்னும் மரத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும். ஆமணக்கு இலைபோல விரிந்த இலை. காய் வெடித்துப் படகுபோல விரிய, அதன் விளிம்பில் பட்டாணி அளவில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இம்மரம் முதலில் நின்றது பூங்காவில் அன்று. வெடித்த இடத்துக்கு 1.3 கிலோமீட்டரில் இருந்த தபால் தந்தி அலுவலகத்தின் முற்றத்தில் நின்றது. 1973இல் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். குண்டை நோக்கியிருந்த பக்கம் எரிந்து, தண்டு குடைந்துபோயிருக்கிறது. அந்தக் குடைவின் இரு ஓரங்களிலும் பட்டை தடித்து உருண்டு, புண்ணை மூட முயல்வதுபோல வளர்ந்திருக்கிறது.

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சுஸுகோ நுமாதா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். இடிபாட்டில் சிக்கிய இடக்காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மணம் பேசியிருந்த மாப்பிள்ளை போர்முனையில் இறந்த செய்தியும் அதன் பின்னர் வந்து சேர்ந்தது. இனி உயிர் எதற்கு என்றிருந்தவர், எரிந்த அந்த மரத்தில் தளிர் விட்டிருப்பதைக் கண்டார். பிழைத்திருக்க முடிவு செய்தார், பள்ளி ஆசிரியையானார். பிற்காலத்தில் ஊன்றுகோலோடு அந்த மரத்தடிக்கு வந்து, கூடும் பிள்ளைகளுக்குத் தம் கதையைச் சொல்லிவந்தார். 2011இல் மறையும்வரை ஆண்டுக்கணக்காக இதைச் செய்தார். மரத்தின் விதைகளை எடுத்து நாற்றாக்கி, இரண்டாம் தலைமுறை என்று பெயரிட்டு, ஜப்பானியப் பள்ளிகளிலும் வெளிதேசங்களிலும் நட்டிருக்கிறார்கள். மற்ற மரங்களின் விதைகளை அனுப்புவதற்கென்றே 2011இல் ஓர் அமைப்பும் தொடங்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவை போயிருக்கின்றன.

அங்கே ஒரு விஷயம் எம் மனத்தில் தைத்தது. குண்டுக்குத் தப்பிய மரங்களில் பல, வெடித்த திசையை நோக்கியே சாய்ந்து நிற்கின்றன. வெந்த பக்கம் வளர்ச்சி குன்றிவிட, மறுபக்கம் செழித்து வளர்ந்ததால் வந்த சாய்வு அது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவற்றின் விதையில் முளைத்த கன்றுக்குச் சாய்வு கிடையாது, குடைவு கிடையாது, தழும்பு கிடையாது. நேராக, பச்சையாக நிற்கிறது. கீழே இருக்கும் பலகையை எடுத்துவிட்டால், அந்நாட்டுத் தெருவோரங்களில் நிழலுக்காக நிற்கும் ஆயிரம் அவோகிரிகளில் அதுவும் ஒன்று. தாய் பட்டது எதுவும் அதற்குத் தெரியாது.

அப்படியானால் அந்தக் கன்று எதை நினைவூட்டுகிறது? அருகே நின்று ஒருவர் சொன்னால் எல்லாவற்றையும் நினைவூட்டும். சொல்வார் இல்லையேல் வெறும் மரம். 'கதையைச் சொன்னால் போதுமே, விதை எதற்கு' என்று கேட்பவர் உண்டு. அதுவும் சரியென்று எமக்குத் தோன்றவில்லை. கடையில் வாங்கிய கன்றின் அடியில் நின்று நுமாதா அம்மையார் பேசியிருந்தால், அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்திருப்பார்களா? நம் சம்பிரதாயத்தில் மூலமும் வ்யாக்யானமும் போல என்று வைத்துக்கொள்ளலாம். பாசுரம் இல்லாமல் வ்யாக்யானத்துக்கு இடமில்லை. வ்யாக்யானம் இல்லாவிட்டால் எம்போன்றவர்க்குப் பாசுரம் இனிய ஓசையாக நின்றுவிடும்.

விதையையும் மரத்தையும் காட்டி உபதேசிப்பது உபநிஷத்தின் வழி. சாந்தோக்யத்தில் உத்தாலகர் தம் பிள்ளை ச்வேதகேதுவுக்குச் செய்த உபதேசம் வாசகர்கள் அறிந்ததே. பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலத்தில் ஓதிவிட்டு, எல்லாம் தெரியும் என்ற செருக்கோடு பிள்ளை வீடு திரும்புகிறான். தகப்பனார் கடிந்துகொள்ளவில்லை. ஆலம்பழம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறார், உடைக்கச் சொல்கிறார். உள்ளே என்ன தெரிகிறது? நுண்ணிய விதைகள். அதில் ஒன்றை உடை. இப்போது என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தெரியாத நுண்மையிலிருந்துதான் இத்தனை பெரிய ஆலமரம் நிற்கிறது என்கிறார். இந்த ஸத்வித்யையை எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் விரித்துரைத்தருளுகிறார். நாமரூபம் இல்லாத நுண்நிலையில் சேதநமும் அசேதநமும் எவனுக்குச் சரீரமாக இருந்தனவோ, அவனே அவை பெருநிலை அடைந்தபோதும் அவற்றைச் சரீரமாகக் கொண்டு நிற்கிறான். நிலைதான் மாறுகிறது, காரியம் காரணத்தைவிட வேறாகிவிடுவதில்லை என்பது நம் சித்தாந்தம். நம்மாழ்வாரும் தம் ஆயிரத்தை முடிக்கும் பதிகத்தில் எம்பெருமானை வித்து என்றே அழைக்கிறார். குடம் வனையக் குயவனும் வேண்டும், மண்ணும் வேண்டும், திரிகையும் வேண்டும். உலகைப் படைக்கும் விஷயத்தில் நிமித்தம், உபாதாநம், ஸஹகாரி ஆகிய மூன்றும் அவன் ஒருவனே.

நாம் வணிகவியல் படித்து, முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவர்கள். தத்துவத்தில் இதற்குமேல் நுழைந்தால் தவறு நேரும். உத்தாலகர் பிள்ளையைத் தாமே எதிரில் உட்காரவைத்து, 'கொண்டுவா, உடை, பார்' என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். குருகுலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் வராதது வீட்டு வாசலில் ஓர் ஆலம்பழத்தில் வந்தது.

திருக்குருகூர் விஷயத்துக்கு வருவோம். திருப்புளியாழ்வாருக்கு வம்சம் இல்லையா என்பதல்லவா கேள்வி? ஆழ்வார் அருளிச்செய்த ஆயிரம் ஒரு காலத்தில் உலகில் வழக்கற்றுப் போயிருந்தது. காட்டுமன்னார் ஸந்நிதிக்கு வந்த சில வைஷ்ணவர்கள் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான ஒரு பதிகத்தைச் சேவிக்க, நாதமுனிகள் கேட்டார். அந்தப் பத்துப் பாசுரங்கள் தம்மை ஆயிரத்தில் ஒரு பத்தாகச் சொல்லிக்கொண்டன. மற்றவை எங்கே என்றால், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குடந்தைக்குப் போனார், குருகூருக்குப் போனார். அங்கே மதுரகவியாழ்வாருடைய சிஷ்ய வம்சத்தில் வந்த பராங்குசதாஸர் இருந்தார். அவருக்கும் ஆயிரம் தெரியாது. ஆனால் மதுரகவிகள் தம் ஆசார்யனைப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பின் பதினொரு பாசுரங்கள் அவரிடம் இருந்தன. அவற்றை உபதேசித்தார். நாதமுனிகள் அந்தப் புளியின் அடியில் இருந்து அவற்றைப் பன்னிரண்டாயிரம் முறை அனுஸந்தித்தார். ஆழ்வார் அவருக்குக் காட்சி தந்து, தம் ஆயிரத்தோடு நாலாயிரத்தையும் தந்தருளினார். பழுக்காத அந்தப் புளியின் கீழே கிடைத்த விதை அதுதான். இன்று உலகில் எந்த மூலையில் இரண்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் சேர்ந்து திருவாய்மொழி சேவித்தாலும், அந்த மரத்தின் சந்ததி அங்கே நிற்கிறது. பாகவதரிடம் இவ்வாறு சொன்னோம். "அப்போ எந்த மரத்தைத்தான் நடுவது, ஸ்வாமி?" என்றார். மகிழமரம் ஒன்று நட்டிருக்கிறார்கள். ஆழ்வார் மகிழ்மாலை மார்பர் ஆயிற்றே.

கட்டுரையை இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், உள்ளதை மறைத்துக் கணக்கை முடித்ததாகும்.

நாதமுனிகள் சரித்திரத்தைக் கேட்கும்போதெல்லாம், எத்தனை காலம் கழிந்தாலும் விதை காத்திருக்கும் என்ற தைரியம் ஒன்று நமக்கு வந்துவிடுகிறது. சில விதைகள் காத்திருக்கத்தான் செய்கின்றன. இஸ்ரேலில் மஸாடா என்ற பழைய மலைக்கோட்டையை 1963 முதல் 1965 வரை அகழ்ந்தபோது ஈச்சங்கொட்டைகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் பழையவை. அவை மேலும் நாற்பது ஆண்டுகள் ஆராய்ச்சிச் சேமிப்பில் கிடந்தன. 2005இல் எலெய்ன் சோலோவே என்ற அம்மையார் ஒன்றை நட, அது முளைத்தது. ஆண்மரம். அதன் மகரந்தத்தைக் கொண்டு, அதே போன்ற வேறொரு பழங்கொட்டையில் முளைத்த பெண்மரம் 2020இல் காய்த்தது. படித்தபோது எமக்கு உடல் சிலிர்த்தது. பெட்டகத்தில் வைத்ததை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் வங்கிக்காரனுக்கு அதைவிட இனிய செய்தி ஏது?

எம் கிராமத்து வீட்டின் கொல்லையில் கொட்டையிலிருந்து முளைத்த மாமரம் ஒன்று இருந்தது. ஒட்டுமரம் அன்று, எம் பாட்டனார் எங்கோ தின்ற பழத்தின் கொட்டையை ஊன்றி வளர்த்தது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் எம் தகப்பனார் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சந்தை சொல்லிவைப்பார். அவர் ஓரடி சொல்ல, பிள்ளைகள் ஈரடியாகத் திருப்பிச் சொல்லும் ஒலி எம் இளமை முழுவதும் காதில் இருந்தது. உட்கார்ந்து கற்றவர்களில் மட்டும் நாம் இல்லை. முதலில் பரீட்சை, பின்னர் வேலை, பின்னர் மாற்றல்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், "பாங்க் எங்கேயும் ஓடிடாதுடா. நாலு பாசுரம் சந்தை சொல்லிக்கோ" என்பார். "ரிடயர் ஆகட்டும், அப்பா. நிதானமா வந்து உட்கார்றேன்" என்போம். பல ஆண்டுகள் இதே கேள்வி, இதே பதில். எமக்கு ஓய்வு வர இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தபோது அவர் திருநாட்டை அலங்கரித்தார்.

வீட்டை விற்றோம். வாங்கியவர் கொல்லையை மாற்றிக் கட்டப்போவதாகச் சொன்னார். அது அவர் உரிமை. அந்த ஆண்டுப் பழங்களில் ஒன்றின் கொட்டையைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, காகித உறையில் போட்டு, உறைமேல் தேதியும் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தோம். எதையும் தேதியிட்டு உறையில் போடாவிட்டால் எமக்குத் தூக்கம் வராது. சொந்தமாகச் சிறிது மண் வாங்கியபின் நடுவதாக எண்ணம். நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்து ஊன்றினோம். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டோம். சிரித்துவிட்டார். "மாங்கொட்டையைக் காயவைக்கவே கூடாது, சார். ஈரம் போனா உயிர் போச்சு. பழத்தைத் தின்ன கையோட சில நாளில் ஊன்றிடணும்" என்றார். புளியங்கொட்டை காத்திருக்கும், ஈச்சங்கொட்டை காத்திருக்கும், மாங்கொட்டை காத்திராதாம். பத்திரப்படுத்துவதாக நினைத்து நாம் செய்த காரியமே அதைக் கொன்றது. அன்று மாலை வெகுநேரம் அந்தத் தொட்டியின் அருகே உட்கார்ந்திருந்தோம். எம் மனையாள் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

தகப்பனாருடைய பாடம் இன்னாரிடம் இன்னார் கேட்டது என்று நான்கு தலைமுறை சொல்லக்கூடியது. சில பாசுரங்களில் அவர் நிறுத்தும் இடமே வேறு. அதற்கு ஒரு காரணமும் சொல்வார். அந்தக் காரணங்களை நாம் கேட்டுவைக்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் பாசுரம் இருக்கிறது. அவர் நிறுத்திய இடம் அதில் இல்லை.

இப்போது எமக்கு அறுபத்தேழு. வாரத்தில் நான்கு நாட்கள், காலை ஆறரை மணிக்கு, இருபத்தாறு வயது அத்யாபகர் ஒருவரிடம் சந்தை சொல்லிக்கொள்கிறோம். முதலில் சற்றுக் கூச்சமாக இருந்தது. அவரோ சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல, பிழை வந்தால் தயங்காமல் நிறுத்தி மறுபடி சொல்லவைக்கிறார். அவருடைய ஆசார்யனின் ஆசார்யரும் எம் தகப்பனாரும் இளமையில் ஒரே கோஷ்டியில் சேவித்தவர்கள் என்பது சென்ற ஆண்டுதான் பேச்சுவாக்கில் வெளிவந்தது. ஓரிடத்தில் அவர் சொல்லை நிறுத்தியபோது நெஞ்சு நின்றுவிட்டது. தகப்பனார் நிறுத்திய அதே இடம். ஏன் இங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டோம். "எங்க ஆசார்யன் அப்படித்தான் சொல்லிவைத்தார், ஸ்வாமி. காரணம் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

வெளிதேசத்தில் இருக்கும் பேத்திக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பு தொடங்கியிருக்கிறோம். எமக்கே முழுதாக வராத நிலையில் இது தகுமா என்று அத்யாபகரைக் கேட்டோம். எம்மளவில் பாடம் ஆனதை அன்றன்றே சொல்லிவைக்கும்படி நியமித்தார். தொலைபேசித் திரையில் ஓரடி சொன்னால் ஈரடியாகத் திருப்பிச் சொல்கிறாள். ழகரம் இன்னும் நாக்கில் வரவில்லை. ஏழாம் பாசுரத்தில் இருக்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.